கூட்டம் வரவில்லையா, வரவிடவில்லையா?

ஓக்லண்ட் பேஸ்பால் அணி ஊரை விட்டுப் போனதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரு பதில் தயாராக வந்து விழும். "மைதானத்துக்கு ஒரு ஈ காக்கா வரவில்லை, அணி போகாமல் என்ன செய்யும்?" பேஸ்பால் பார்க்காதவர்கள் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். சீசன் தவறாமல் பார்க்கிறவர்களே இதைச் சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலில் எழுதுவது இது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

பின்னணி தெரியாதவர்களுக்காக: அத்லெடிக்ஸ் அணி 1901-இல் பிலடெல்ஃபியாவில் தொடங்கியது. சுருக்கமாக 'ஏஸ்' என்பார்கள். 1955-இல் கேன்சஸ் சிட்டிக்கும் 1968-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டுக்கும் இடம் மாறியது. ஓக்லண்டில் 57 சீசன் ஆடி நான்கு முறை வேர்ல்ட் சீரிஸ் (பேஸ்பாலின் உச்சக் கோப்பை) ஜெயித்தது: 1972, 1973, 1974, அப்புறம் 1989. கடைசி ஆட்டம் 2024 செப்டம்பர் 26. இப்போது சாக்ரமென்டோவுக்கு எதிர்க்கரையில், ஒரு மைனர் லீக் (கீழ்மட்ட லீக்) அணியின் சின்ன மைதானத்தில் ஒண்டிக் குடித்தனம். 2028-இல் லாஸ் வேகாஸில் புது ஸ்டேடியம் என்று திட்டம். அதுவரை அணிக்கு ஊர்ப் பெயரே கிடையாது, வெறும் அத்லெடிக்ஸ்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். 1990 சீசனில் இதே ஓக்லண்ட் மைதானத்துக்கு 29 லட்சம் பேர் வந்தார்கள். அன்றைய கணக்கில் அது அமெரிக்காவின் பெரிய நகரங்கள் பலவற்றை மிஞ்சிய எண்ணிக்கை. 2002 செப்டம்பர் 4 அன்று, தொடர்ந்து இருபதாவது வெற்றிக்காக ஆடிய இரவில், 55,528 பேர். அந்த ஆட்டத்தில் 11-0 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 11-11 வரைக்கும் விட்டுக்கொடுத்து, ஒன்பதாவது இன்னிங்ஸில் ஸ்காட் ஹாட்டபர்க் அடித்த ஹோம் ரனில் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) ஜெயித்தார்கள். இந்த அணிக்கு ரத்தக்கொதிப்பு வராமல் ரசிகராக இருக்க முடியாது என்பதற்கு அந்த ஒரு ராத்திரி போதும். ஆக, அந்த ஊருக்குக் கூட்டம் சேர்க்கத் தெரியாது என்பது பச்சைப் பொய். அப்படியானால் இடையில் என்ன நடந்தது?

அணி நிர்வாகமே 2006-இல் மூன்றாவது அடுக்கு இருக்கைகளைத் தார்ப்பாய் போட்டு மூடியது. அதற்கும் முன்னால், அமெரிக்கக் கால்பந்து அணியான ரைடர்ஸைத் திரும்ப அழைத்து வருவதற்காக 1996-இல் மைதானத்தின் பின்பக்கம் ஒரு ராட்சத கேலரி எழுப்பினார்கள். அதுவரை சென்டர் ஃபீல்டுக்குப் பின்னால் ஓக்லண்ட் மலைகள் தெரியும். அதன்பிறகு சிமென்ட் சுவர்தான். (அந்தக் கேலரிக்கு வாங்கிய கடனை ஊர் மக்கள் ஆண்டுக்கணக்கில் கட்டினார்கள். ரைடர்ஸ் அணியும் கடைசியில் லாஸ் வேகாஸுக்கே போய்விட்டது.) 2013-இல் சாக்கடை பொங்கி உடை மாற்றும் அறைகளுக்குள் வந்தது. இரண்டு அணி வீரர்களும் ரைடர்ஸின் அறையில் ஒன்றாகக் குளிக்க வேண்டிய நிலை. 2023-இல் வெளியூர் அணியின் வர்ணனையாளர் அறையில் போசம் என்ற சின்ன விலங்கு ஒன்று குடியேறியதால் அவர்கள் வேறு அறைக்குப் போனார்கள்.

இதையெல்லாம்கூட ரசிகன் பொறுத்துக்கொள்வான். ஓட்டை மைதானம் எங்களுக்கு ஒரு பெருமையாகவே இருந்தது. பொறுக்க முடியாதது வேறு. 2021 சீசன் முடிந்ததும் மேட் ஓல்சன், மேட் சாப்மன், கிறிஸ் பாசிட், ஷான் மனையா என்று முக்கிய வீரர்களை ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டார்கள். 2022 இறுதிக்குள் ஷான் மர்ஃபியும் போயாயிற்று. சட்டை வாங்கிய குழந்தை, அதில் பேர் இருக்கும் ஆளைக் களத்தில் பார்க்க முடியவில்லை. 2022-இல் 102 தோல்வி, 2023-இல் 112 தோல்வி. கூட்டம் குறைந்தது. குறைந்ததும், பார்த்தீர்களா, இந்த ஊருக்கு அணி வேண்டாமாம் என்றார்கள்.

ஆளே வராமல் ஓர் அணி எப்படிப் பிழைக்கும் என்று கேட்கலாம். நல்லாவே பிழைக்கும். மேஜர் லீக் பேஸ்பாலில் (அத்லெடிக்ஸ் ஆடும் உச்ச லீக்) ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுப் பானையில் போட வேண்டும். அதை 30 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்ளும். தேசிய டிவி ஒப்பந்தப் பணமும் இதே போலப் பங்கு. நியூயார்க்கில் ஒருவர் வாங்கும் டிக்கெட்டில் ஓக்லண்ட் உரிமையாளருக்கும் துளி வந்து சேர்கிறது. சிறிய நகரங்கள் போட்டி போட வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் செலவே செய்யாமல் உட்கார்ந்திருப்பவரையும் அது காப்பாற்றிவிடுகிறது.

நகர நிர்வாகம் சுத்தத் தங்கம் என்று நான் சொல்லவில்லை. துறைமுகத்தை ஒட்டி ஹவர்ட் டெர்மினல் என்ற இடத்தில் புது ஸ்டேடியம் கட்டும் பேச்சு வருடக்கணக்கில் இழுத்தது. இரு தரப்பும் இழுத்தார்கள். 2023 ஏப்ரலில், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, லாஸ் வேகாஸில் நிலத்துக்கு ஒப்பந்தம் என்று செய்தி வந்தது. அதோடு முடிந்தது கதை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஓக்லண்ட் ரசிகர்கள் மீது அலாதி மரியாதை வருகிறது. வழக்கமாக ரசிகர்கள் கோபித்துக்கொண்டால் மைதானத்துக்குப் போகாமல் புறக்கணிப்பார்கள். இவர்கள் தலைகீழாக யோசித்தார்கள். யாரும் வரவில்லை என்பதுதானே குற்றச்சாட்டு? எல்லோரும் ஒரே நாளில் வருவோம். 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை, வேலைநாள், டாம்பா பே ரேஸ் அணியுடன் சாதாரண லீக் ஆட்டம். 27,759 பேர் வந்தார்கள். பச்சைச் சட்டையில் 'விற்றுவிடு' என்ற பொருளில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல் அச்சடித்து, ரசிகர்களே பணம் திரட்டி, வாசலில் இலவசமாகக் கொடுத்தார்கள். ஆட்டத்துக்கு முன்பே கார் பார்க்கிங்கில் அடுப்பு மூட்டிவிட்டார்கள்.

ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கியது. முதல் பேட்டர் வந்து நின்றதும் மொத்த மைதானமும் வாயை மூடிக்கொண்டது. பேஸ்பால் மைதானம் ஒருபோதும் அமைதியாக இருக்காது. ஆர்கன் இசை, தின்பண்டம் விற்பவர் குரல், பக்கத்து சீட்டுக்காரர் நடுவரைத் திட்டுவது என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஒரு பேட்டர் நின்ற நேரம் முழுக்க, பந்து கேட்சரின் கையுறையில் அறைகிற சத்தம் தனியாகக் கேட்டது. அது முடிந்ததும் எல்லோரும் எழுந்து 'அணியை விற்று விடு' என்று கத்த ஆரம்பித்தார்கள். அன்றைக்கு ஏஸ் 2-1 என்று ஜெயித்தது, தொடர்ந்து ஏழாவது வெற்றி. அந்த மட்டமான சீசனில் ஏழு தொடர் வெற்றி எங்கிருந்து வந்தது என்று இன்னும் யாருக்கும் புரியவில்லை.

அதே நாளில் நெவாடா மாநில செனட், லாஸ் வேகாஸ் ஸ்டேடியத்துக்கு 38 கோடி டாலர் பொதுப் பணம் கொடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. இரண்டு நாள் கழித்து லீக் ஆணையர் ராப் மேன்ஃப்ரெட், ஒரு ராத்திரியாவது சராசரி கூட்டத்தை நெருங்கியதே, சந்தோஷம் என்கிற பாணியில் பேசினார். நவம்பரில் 30 உரிமையாளர்களும் ஒருமனதாக இடமாற்றத்துக்குக் கைதூக்கினார்கள். அப்படியானால் அந்த ராத்திரி வீணா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பலன் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கூட்டம் வரவில்லை என்ற வாதத்தை அதற்குப் பிறகு யாரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது.

இந்தக் கூட்டத்தை எந்த மார்க்கெட்டிங் ஆளும் உருவாக்கவில்லை. வெளிக்கேலரியில் டிரம்மோடும் கொடியோடும் வருகிறவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன்னே பென்சிலைச் சீவிக்கொண்டு ஸ்கோர் அட்டையோடு உட்காருகிறவர்கள் இருந்தார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த அட்டைப் பழக்கம் முதலில் விசித்திரமாக இருந்தது. களத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்: பந்து எறியும் பிட்ச்சர் 1, அதைப் பிடிக்கும் கேட்சர் 2, இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. பந்து ஷார்ட்ஸ்டாப்பிடமிருந்து இரண்டாம் பேஸ்காரர் (4), அங்கிருந்து முதல் பேஸ்காரர் (3) என்று போய் இரண்டு பேர் அவுட் என்றால் 6-4-3 என்று எழுதி முடித்துவிடலாம். பேட்டர் மூன்று ஸ்டிரைக்கில் (அடிக்கத் தவறிய பந்துகள்) அவுட்டானால் ஆங்கில 'கே' எழுத்து; மூன்றாவதை மட்டையே வீசாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டே அவுட்டானால் அந்த 'கே'யைத் திருப்பிப் போட வேண்டும். எங்கள் வரிசையில் ஒரு பெரியவர் இந்தத் தலைகீழ் 'கே'யைப் போடும்போது மட்டும் பென்சிலை அழுத்துவார், பேட்டர் மீதுள்ள கோபம் காகிதத்தில் பள்ளமாக விழும். அணி தோற்றுக்கொண்டிருந்தாலும் கடைசிக் கட்டம் வரை நிரப்பாமல் எழுந்திருக்க மாட்டார். ஆண்டுக்கு 162 ஆட்டம் இருக்கும் ஒரு விளையாட்டு இப்படிப்பட்டவர்களால்தான் ஓடுகிறது, கோப்பைக்கு மட்டும் வருகிறவர்களால் இல்லை.

இன்னொன்று. உலகம் முழுக்க ஸ்டேடியங்களில் எழுந்து உட்கார்ந்து அலை விடுகிறார்களே, அது 1981 அக்டோபர் 15 அன்று ஓக்லண்ட் மைதானத்தில், நியூயார்க் யாங்கீஸுடன் நடந்த ஆட்டத்தில், கிரேஸி ஜார்ஜ் என்ற சியர்லீடர் தொடங்கியது. சியாட்டிலில் ஒரு பல்கலைக்கழகத்தார் நாங்கள்தான் என்பார்கள். அவர்கள் தேதியோ அதே மாதம் 31. காலண்டர் பார்க்கத் தெரிந்தவர்கள் தீர்ப்புச் சொல்லிக்கொள்ளலாம்.

இனி, கோபம் யார் மேல் என்பதற்கு வருகிறேன். உரிமையாளர் ஜான் ஃபிஷரைத் திட்டுவது சுலபம். எல்லோரும் திட்டியாயிற்று. என் கோபம் சட்டத்தின் மேல். 1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் அல்ல, எனவே ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னது. மற்ற எந்தப் பெரிய விளையாட்டு லீக்குக்கும் இந்தச் சலுகை கிடையாது. 1953-லும் 1972-லும் வழக்கு திரும்ப வந்தபோது, நாடாளுமன்றம் மாற்றட்டும் என்று தட்டிக்கழித்தார்கள். பழைய தீர்ப்பு சரியில்லைதான் என்று 1972-இல் ஒப்புக்கொண்ட பிறகும் அதே கதைதான். எந்த ஊருக்கு எத்தனை அணி, யார் எங்கே போகலாம் என்பதை முப்பது பேர் மூடிய அறையில் முடிவு செய்கிறார்கள்.

இந்தச் சலுகையில் கைவைப்போம் என்று மிரட்டினால் மட்டும் லீக் இறங்கி வரும். இதே அத்லெடிக்ஸ் 1967-இல் கேன்சஸ் சிட்டியை விட்டு ஓக்லண்டுக்குக் கிளம்பியபோது, மிசூரி செனட்டர் ஸ்டூவர்ட் சைமிங்டன் அந்த மிரட்டலை விட்டார். 1969-இல் கேன்சஸ் சிட்டிக்கு ராயல்ஸ் என்ற புது அணி வந்துவிட்டது. 2023-இல் ஓக்லண்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பார்பரா லீ, அணியை இடம் மாற்றுகிறவர்கள் விட்டுப்போகும் ஊருக்கு இழப்பீடு தரவேண்டும், இல்லையேல் சலுகை போய்விடும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். அது எங்கேயும் போய்ச் சேரவில்லை. அவர் இப்போது ஓக்லண்டின் மேயர்.

கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர் வந்தார்கள். அணியின் பழைய நட்சத்திரங்களான ரிக்கி ஹெண்டர்சனும் டேவ் ஸ்டூவர்ட்டும் சம்பிரதாய முதல் பந்து எறிந்தார்கள். டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியை 3-2 என்று ஜெயித்தார்கள். மேனேஜர் மார்க் காட்சே மைக் பிடித்து நன்றி சொன்னார். ஓக்லண்டில் வளர்ந்து, 1,406 பேஸ் திருடி (பிட்ச்சர் அசரும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) யாரும் நெருங்க முடியாத சாதனை வைத்திருந்த ரிக்கி, மூன்று மாதம்கூட ஆகவில்லை, டிசம்பரில் காலமானார். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தப் பதிவு முடியாது.

அணி போனபிறகு ரசிகர்கள் மூன்றாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். வீரர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று தொடர்ந்து அத்லெடிக்ஸ் பார்க்கிறவர்கள், வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் சான்ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு மாறியவர்கள் (இவர்களுக்குத்தான் திட்டு அதிகம்), மொத்தமாகவே நிறுத்தியவர்கள். யார் உண்மையான ரசிகர் என்ற தேர்வு வைக்க எவருக்கும் உரிமை இல்லை என்பது என் கட்சி. நான் அத்லெடிக்ஸ் ஸ்கோரைப் பார்ப்பதில்லை. பார்க்கிற நண்பர் சொன்னால் காது கொடுத்துக் கேட்பேன், அவ்வளவுதான்.

நான் இப்போது போவது மேற்கு ஓக்லண்டில் ரைமாண்டி பார்க்குக்கு. ஓக்லண்ட் பாலர்ஸ் என்ற சின்ன அணி, பயனியர் லீக்கில் ஆடுகிறது. 2024-இல்தான் முதல் சீசன். ரசிகர்கள் பங்கு வாங்கலாம், முடிவுகளில் அவர்களுக்கும் குரல் உண்டு. 2025-இல் லீக் பட்டத்தையே ஜெயித்தார்கள். ஆட்டத்தின் தரம் மேஜர் லீக் தரம் இல்லை, அதைப் பூசி மெழுகவேண்டாம். பிட்ச்சிங் சுமார், ரன் மழை பெய்யும். அந்த லீக்கில் ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து சமநிலை என்றால் கூடுதல் இன்னிங்ஸ் கிடையாது, ஆளுக்கொரு பேட்டரை நிறுத்தி ஹோம் ரன் அடிக்கும் போட்டி வைத்து முடித்துவிடுகிறார்கள். ஸ்கோர் அட்டையில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எங்கள் பெஞ்சில் இன்னும் தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதவே கூடாது, இது பேஸ்பாலே இல்லை என்பவர்கள் பக்கம் நான்.