மாடி மழைநீர்க் குழாயை நேராக போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) இறக்கலாமா?

“மொட்டை மாடிக் குழாயை அப்படியே போரில் சொருகுங்கள், வற்றிய போர் மறுநாளே ஊறும், வடிகட்டி வெட்டிச் செலவு” என்று சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு.

சேலத்தின் அடியில் இருப்பது கடினப் பாறை. தண்ணீர் நிற்பதும் நகர்வதும் பாறையின் வெடிப்புகளில்தான். மாடித் தூசி, இலை, பறவை எச்சத்தோடு நீரை இறக்கினால் அந்த வெடிப்புகள் சேறடைத்துப்போகும். பிறகு கம்ப்ரசர் வைத்து ஊதினாலும் முழுதாகத் திறக்காது. கிருமியும் நேரே குடிநீர் மட்டத்துக்கே போய்விடும்.

1,000 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழைக்குச் சுமார் 800 லிட்டர் கிடைக்கும். முதலில் வழியும் 100 லிட்டரைத் தனி வால்வு வைத்து வெளியேற்றுங்கள். மீதியை மூன்றடிச் சதுரத் தொட்டிக்குத் திருப்புங்கள்: அடியில் ஓரடி 40 மி.மீ. ஜல்லி, மேலே ஓரடி 20 மி.மீ. ஜல்லி, அதன்மேல் நைலான் வலை, ஓரடி பருமணல். துளையிட்ட குழாய் ஜல்லிக்கு அடியிலிருந்து போருக்குப் போகவேண்டும். மேலே நிரம்பி வழியவும் ஒரு குழாய் வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

பருவமழைக்கு முன் மணலை அள்ளிக் கழுவுங்கள்.

வெடிப்பே படாத போர் எதையும் உறிஞ்சாது. தண்ணீர் ஊற்றி, மட்டம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.