நெரிசலில் விழாமல் நின்றால் மட்டும் போதுமா?

மதுரை சித்திரைத் திருவிழா நேரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தி: "நெரிசலில் மிதிபட்டுத்தான் சாகிறார்கள். கீழே விழாமல் நின்றால் ஆபத்தில்லை." இது தவறு.

விழாமல் இருப்பது முக்கியம்தான். ஆனால் பெரும்பாலான நெரிசல் சாவுகளுக்குக் காரணம் மூச்சுத்திணறல். நாலு பக்கமும் ஆட்கள் நெருக்கும்போது மார்பு விரிய இடமில்லை. மூச்சு உள்ளே போகாது. 2022 அக்டோபரில் தென்கொரியத் தலைநகர் சியோலின் இட்டேவோன் பகுதியில் ஒரு சந்தில் ஏற்பட்ட நெரிசலில் 150-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் நின்றபடியே மூச்சடைத்துப் போனவர்களும் உண்டு.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போகிறீர்களா? இரண்டு பக்கமும் தோள் உரச ஆரம்பித்து, கையை முகத்துக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் அப்போதே வெளியேறுங்கள். அதற்குள் சிக்கிவிட்டால், முழங்கைகளை மடக்கி மார்புக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்ன இடைவெளிதான் மூச்சு. கூட்டத்தின் அலையை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அது கொஞ்சம் தளரும்போது குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள், ஆனால் சுவரில் ஒட்டி நிற்க வேண்டாம். செருப்போ செல்போனோ கீழே விழுந்தால் விழட்டும், தயவுசெய்து குனியாதீர்கள். அப்புறம், யாராவது மயங்கினால் வாயில் தண்ணீர் ஊற்றாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.