காலிப் பாட்டில்தானே!

செங்கோட்டையில் விஸ்கிப் பாட்டில் சேகரிப்பவன் பாடு யாருக்கும் வரக்கூடாது. நான் குடிப்பதில்லை, சொன்னால் நம்ப ஆளில்லை.

புனலூர் பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கிய ஜானி வாக்கர் பாட்டில் ஒன்று அலமாரியில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே வந்த சதுர வடிவம்; பெட்டியில் நெருக்கி அடுக்கலாம், உடைவதும் குறைவு. அதன் அழகே 24 பாகை சாய்த்து ஒட்டிய லேபிள்தான்.

நேற்று பார்த்தால் அதில் தேங்காய் எண்ணெய்! "காலிப் பாட்டில்தானேடா. காகிதம் கோணலாக ஒட்டியிருந்தது, வெந்நீரில் ஊறப்போட்டுச் சுரண்டிவிட்டேன்" என்கிறார் அம்மா. கோணலாம்! மூடியையும் காணவில்லை, வாயில் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி அடைத்திருக்கிறார். இனி அதைப் பழைய இரும்புக்காரர்கூடச் சீந்தமாட்டார்.

இப்போது கிளென்ஃபிடிக்கின் முக்கோணப் பாட்டில்மீது கண் வைத்திருக்கிறார். நல்லெண்ணெய்க்காம்.