கப்டன் கூலி யாருடைய விருப்பம்?

லங்காவித் தீவில் பாய்மரப் படகை வாடகைக்கு விடுகிறவர்கள், அதை ஓட்டும் கப்டனின் கூலியை ‘விருப்பக் கட்டணம்’, அதாவது வேண்டுமென்றால் மட்டும் கட்டுவது, என்று எழுதியிருக்கிறார்கள். யாருடைய விருப்பம்? சுங்கை சிப்புட்டில் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கும் எங்கள் குடும்பத்தில் பாய் விரித்துக் கடலோடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அனுபவமும் சான்றும் இல்லாதவர்களிடம் படகை ஒப்படைக்கமாட்டோம் என்பது அவர்களே வைத்த விதி. உயிர் சம்பந்தப்பட்டது, அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் கப்டன் இல்லாமல் துறையை விட்டு நகரவே முடியாத எங்களிடம், அவர் கூலி சேராத தொகையை விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது பச்சைப் பொய்!

பால்மரம் சீவி எங்களை ஆளாக்கிய அம்மாவை லங்காவிக்கு அழைத்துப்போய், கட்டமரான் படகில் இரண்டு இரவு தங்கவைக்க வேண்டும் என்பது அக்காளின் ஆசை. இரட்டை உடல் படகு, அதிகம் சாயாது, வயதானவர்களும் பயமின்றி உட்காரலாம். அண்ணன், சித்தப்பா, அத்தை வீட்டார் எல்லோரும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கணக்குப் போட்டு மாதாமாதம் பணம் சேர்த்தோம். முன்பணம் வாங்கும்வரை தேன் ஒழுகப் பேசிய முகவர், அதன் பிறகுதான் முழுப் பட்டியலை அனுப்பினார்.

அதில் கப்டன் கூலி தனி. உதவியாள் கூலி தனி. அவர்கள் சாப்பாடும் நம் பொறுப்பு. டீசல் தனி. காற்று குறைந்தால் இயந்திரத்தில்தான் ஓடும். இரவில் குளிர்சாதனம் வேண்டுமென்றால் ஜெனரேட்டர் ஓட வேண்டும், அதற்கும் டீசல். துப்புரவுக் கட்டணம் தனி. இவற்றுக்கு மேல், திரும்பி வரும்வரை அவர்கள் பிடித்துவைக்கும் பிணைத்தொகை.

எல்லாவற்றையும்விட என் வயிற்றை எரித்தது ‘12 பேர் தங்கலாம்’ என்ற வரி. அறைகள் நான்குதான், அறைக்கு இருவர். மீதி நால்வர் எங்கே? நடுக்கூடத்துச் சாப்பாட்டு மேசையைத் தாழ்த்தி மெத்தை போட்டால் இரண்டு பேர். படகின் இரு மூக்கிலும் ஆளுக்கொரு பொந்து. மேல்தளத்து மூடியைத் திறந்து செங்குத்தாக இறங்க வேண்டும். முழங்கால் வலிக்காரரான சித்தப்பா அதற்குள் எப்படி இறங்குவார்? சரி, இளவட்டங்கள் படுக்கட்டும் என்றால், அங்கே கப்டனும் உதவியாளும்தான் படுப்பார்களாம். அப்படியானால் 12 என்பது அவர்களையும் சேர்த்த கணக்கு! கட்டணத்தில் அவர்களைக் கழித்துவிட்டு, படுக்கைக் கணக்கில் மட்டும் சேர்த்திருக்கிறார்கள். மேசையில் இருவரைப் படுக்கவைத்தாலும் எங்களில் பத்துப் பேருக்குத்தான் இடம்.

கேட்டதற்கு, “படகுத் தொழிலில் இதுதான் வழக்கம், அண்ணே” என்றார் முகவர். எங்கள் ஊரிலும் வாடகைத் தொழில் நடக்கிறது. தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குப் பஸ் பேசினால், ஓட்டுநர், டீசல், டோல் எல்லாம் சேர்த்து முதலாளி ஒரே தொகை சொல்வார். இத்தனை இருக்கை என்றால் ஓட்டுநர் இருக்கையை அதில் சேர்க்கமாட்டார்.

டிசம்பர் முதல் மார்ச் வரை லங்காவியில் மழை குறைவு, பாய்க்கும் நல்ல காற்று. கிராக்கி கூடும் மாதங்களில் வாடகையை உயர்த்தட்டும், அது வியாபாரம். மொத்தத் தொகையையும், உண்மையில் எத்தனை பேர் படுக்கலாம் என்பதையும் முன்பணத்துக்கு முன்னால் ஒரே தாளில் எழுதித் தர என்ன தடை? எழுதினால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் குடும்பங்களைத்தான் இந்த மறைப்பு கடிக்கிறது.

இப்போது முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்கிறார்கள். விடப்போவதில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டிப் பதியலாம். அந்த விளம்பரத்தையும் பிறகு வந்த பட்டியலையும் அச்செடுத்துவிட்டேன். பாரத்தை அக்காள் நிரப்பிக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை ஈப்போவுக்குப் போகிறோம்.