சிற்பியும் நிபுணர்தான்
‘நிபுணத்துவம்’ பற்றி வெளியான கட்டுரையில், அது பட்டம் பெற்றவர்களுக்கே உரியது என்பதுபோல் கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. செய்திகளிலும் பொருளாதாரம் படித்தவர் நிபுணர், சிற்பி வெறும் கைவினைஞர். ‘கைதேர்ந்த’ என்ற நல்ல அடைமொழி பெரும்பாலும் திருடர்களுக்கே போய்ச் சேர்வது வருத்தமாக இருக்கிறது.

சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் சிற்பிகளான ஸ்தபதிகளின் வேலையைப் பாருங்கள். சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்தே முகம், மார்பு, இடை என்று அளவெடுக்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வெளியேற்றிய பிறகுதான் உலோகக் குழம்பை ஊற்றுகிறார்கள். அந்த மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். வார்ப்பு பிசகினால் மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். இவர்களை நிபுணர்கள் என்று எழுத என்ன தயக்கம்?