டோபமினோடு ஹார்மோனையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்

மனநோய்களைப் பற்றி நான் படித்த கட்டுரை, மனச்சோர்வுக்கு செரடோனின் என்ற மூளை ரசாயனம் குறைவு, மனச்சிதைவுக்கு (ஸ்கிசோஃப்ரினியா) டோபமின் என்ற இன்னொரு ரசாயனம் மிகுதி என்று இரண்டே வரியில் முடித்துவிட்டது. முதலாவதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. மனச்சோர்வுக்குத் தரும் புளூஆக்சிடின் வகை மாத்திரைகள் சில மணி நேரத்திலேயே செரடோனினில் வேலையைத் தொடங்கிவிடும். மனம் தெளிய வாரக்கணக்கில் ஆகிறது. குறைந்ததை நிரப்புவது மட்டும்தான் விஷயம் என்றால் இந்தத் தாமதம் ஏன்?

டோபமினுக்கு ஆதாரம் கொஞ்சம் பலம். ஆனால் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தெரியவேண்டிய ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில், தாய்ப்பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை அடக்கி வைப்பதும் இதே டோபமின்தான். மனச்சிதைவுக்குத் தரும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் டோபமினைத் தடுக்கும்போது அந்தப் பிடியும் தளர்கிறது. புரோலாக்டின் ஏறினால் மாதவிடாய் தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம். பிள்ளை பெறாத பெண்ணுக்கும் மார்பில் பால் கசியலாம். ஆண்களுக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையலாம். இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டுச் சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. (முன்கூட்டியே எச்சரிக்கும் டாக்டர்களும் குறைவு, நான் பார்த்தவரை.) வாய்விட்டுச் சொன்னால் அளவைக் குறைத்துப் பார்ப்பார்கள், அல்லது அரிபிப்ரசோல் போன்ற ஒன்றுக்கு மாற்றுவார்கள்.

அப்புறம் தைராய்டு. மனச்சோர்வு போலத் தெரியும் மந்தம், அசதி, எடை கூடுவது எல்லாம் தைராய்டு குறைந்தாலும் வரும். இருமுனைக் கோளாறுக்கு (மனம் மிகை உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) தரும் லித்தியமே சிலருக்குத் தைராய்டைக் குறைத்துவிடும். அதனால் லித்தியம் எடுப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது டிஎஸ்எச் (தைராய்டு வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொள்வது நல்லது.