பயனாளிகளின் நன்றி மட்டும் சான்றாகிவிடாது

குற்றத்தின் பக்கம் சாயக்கூடும் என்று அஞ்சப்படும் சிறுவர்களுக்காக விளையாட்டு, முகாம், மாலைநேர மன்றம் என நடத்தப்படும் திட்டங்களின் அறிக்கைகளை வாசிக்கும்போதெல்லாம் ஒரே கவலைதான் எனக்கு எழுகிறது. எத்தனை பேர் வந்தார்கள், என்னென்ன வாங்கப்பட்டன, வந்தவர்கள் எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். அந்தத் திட்டம் இல்லாதிருந்தால் அதே சிறுவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்ற கேள்வி மட்டும் இருக்காது. அதைக் கேட்காமல் பணம் ஒதுக்குவது அந்தச் சிறுவர்களுக்கே இழைக்கும் அநீதி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்த கேம்பிரிட்ஜ்–சாமர்வில் இளைஞர் ஆய்வைப் படித்த எவரும் இந்தக் கேள்வியை எளிதில் கடந்துபோக முடியாது.

ரிச்சர்ட் கிளார்க் கேபட் என்ற மருத்துவர் திட்டமிட்ட இந்த முயற்சி 1939-இல் தொடங்கி 1945-இல் முடிந்தது. 650 சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து, வயது, குடும்பச் சூழல், குணம் ஆகியவற்றில் ஒத்திருந்தவர்களை இருவர் இருவராக இணைத்தார்கள். பின்னர் நாணயத்தைச் சுண்டி, ஒவ்வோர் இணையிலும் ஒருவனைத் திட்டத்தில் சேர்த்து, மற்றவனை அவன் போக்கிலேயே விட்டுவிட்டார்கள். சேர்க்கப்பட்டவர்களின் வீடுகளுக்கு ஆலோசகர்கள் ஆண்டுக்கணக்கில் சென்றுவந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்குப் பாடம் சொல்லித்தரப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மருத்துவ உதவியோ மனநல உதவியோ கிடைத்தது. கால்வாசிப் பேர் கோடைக்கால முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் சாரணர் இயக்கம் போன்ற அமைப்புகளோடு தொடர்புபடுத்தப்பட்டார்கள். இன்றைக்கு ஓர் அறக்கட்டளையிடம் இப்படியொரு திட்ட வரைவைக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் நிதி கிடைத்துவிடும்.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர், நடுவயதை எட்டிவிட்ட அந்தச் சிறுவர்களைத் தேடிக் கண்டறிந்து, முடிவுகளை 1978-இல் வெளியிட்டார். திட்டத்தில் இருந்தவர்களைக் கேட்டபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அது தங்களுக்கு உதவியது என்றார்கள். ஆவணங்கள் காட்டியதோ வேறு. ஒருமுறையேனும் குற்றம் செய்தவர்களின் எண்ணிக்கையில் இரு குழுக்களுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. ஆனால் மீண்டும் குற்றம் செய்தவர்களும், குடிக்கு அடிமையாகும் அறிகுறிகள் தெரிந்தவர்களும், கடுமையான மனநோய்க்கு ஆளானவர்களும் உதவி பெற்ற குழுவிலேயே கூடுதலாக இருந்தார்கள். இறந்துபோனவர்களிலும் அந்தக் குழுவினரே இளைய வயதில் இறந்திருந்தார்கள். அன்று நாணயத்தைச் சுண்டாமல் இருந்திருந்தால், அந்த மூன்றில் இரண்டு பங்கினரின் நன்றியே இறுதித் தீர்ப்பாக நின்றிருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. தனக்கு நேராத இன்னொரு வாழ்க்கையோடு தன் வாழ்க்கையை ஒப்பிட்டுப் பார்க்க எந்த மனிதனாலும் இயலாது, அவ்வளவே.

தீங்கு எங்கிருந்து வந்தது என்பதுதான், பொழுதுபோக்குத் திட்டம் நடத்தும் ஒவ்வொருவரும் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. தாமஸ் டிஷியன், மெக்கார்ட், ஃபிரான்சுவா பூலின் ஆகிய மூவரும் 1999-இல் வெளியிட்ட கட்டுரை, ஒருமுறைக்கு மேல் கோடைக்கால முகாமுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களிடமே தீய விளைவு மிகுதியாகக் குவிந்திருந்ததைக் காட்டியது. டிஷியன் ஓரிகன் மாநிலத்தில் சிறுவர்களை நண்பர்களோடு பேசவிட்டுப் பதிவுசெய்து பார்த்தவர். விதி மீறியதைப் பற்றி ஒருவன் பேசும்போது மற்றவன் சிரிப்பதும், அந்தச் சிரிப்பே பேசியவனுக்குப் பரிசாக அமைவதும், அத்தகைய பேச்சு வளர்ந்த நட்புகளில் பின்னாளில் தவறுகள் பெருகுவதும் அப்போது தெரியவந்தன. சிக்கலில் இருக்கும் சிறுவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து ஓரிடத்தில் கூட்டி, நெடுநேரம் ஒருவரையொருவர் மகிழ்விக்க விட்டால், தவறு செய்தவனே அங்கு நாயகனாகிவிடும் ஆபத்து உண்டு. ஸ்வீடன் நாட்டு இளைஞர் பொழுதுபோக்கு மையங்களை ஆராய்ந்த ஜோசப் மஹோனியும் ஹாகன் ஸ்டாட்டினும் 2000-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது: பயிற்சியும் ஒழுங்கும் உள்ள நடவடிக்கைகளில் ஈடுபட்டவர்களிடம் சமூகவிரோத நடத்தை குறைவாகவும், நெறிப்படுத்தல் அதிகமில்லாத மையங்களுக்குச் சென்றவர்களிடம் கூடுதலாகவும் இருந்தது. ஏற்கெனவே சிக்கலில் இருப்பவர்களே அத்தகைய மையங்களை நாடுகிறார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். திட்டத்தில் சேராத, ஆனால் மற்றபடி ஒத்திருக்கும் ஓர் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இவற்றைப் பிரித்தறிவது கடினம் என்பதால்தான் அதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இதை வைத்துக்கொண்டு விளையாட்டுத் திடல்களை மூடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விளையாட்டு ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய உரிமை. அதற்குக் குற்றத்தடுப்பு என்ற நியாயம் தேவையே இல்லை. ஆனால் குற்றம் குறையும் என்று சொல்லி நிதி பெறும் திட்டம், அது குறைந்ததைக் காட்டக் கடமைப்பட்டது. இடங்கள் ஐம்பதும் விண்ணப்பங்கள் நூறுமாக இருக்கும்போது குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பதே நேர்மையானது. இடம் கிடைக்காதவர்களின் பெற்றோரிடம் ஒப்புதல் பெற்று, அவர்களுடைய படிப்பு எப்படிப் போகிறது, காவல்நிலையம்வரை சென்றார்களா என்பதையும் தொடர்ந்து கவனித்தால் ஒப்பீட்டுக் குழு தானாகவே கிடைத்துவிடும். குலுக்கலுக்கு வழியில்லாத சிறு மன்றங்கள்கூட, பாதியில் நின்றவர்கள் யார், ஏன் நின்றார்கள் என்பதையும், யார் யாரோடு சேர்கிறார்கள், பெரியவர் ஒருவர் உடனிருந்து வழிநடத்தும் நேரம் எவ்வளவு என்பதையும் எழுதிவைக்கலாம். நிதி தருபவர்கள் இந்தப் பணிக்கான தொகையை முதல் தவணையிலேயே தனியாக ஒதுக்க வேண்டும். திட்டத்தால் தீங்கு விளைந்ததாகத் தெரியவந்தால், அதை மறைக்காமல் அறிவிக்கும் நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு நிதியை நிறுத்தாமல், திட்டத்தைத் திருத்தி நடத்த வாய்ப்பளிக்க வேண்டும்.